கத்தரிக்காயும் நாமும்

அக்பர் கத்தரிக்காயைப் புகழ்ந்தால் பீர்பாலும் புகழ்வார். வயிற்றுவலி வந்து அரசர் திட்டினால் அவரும் திட்டுவார். கேட்டால், தான் வேலை பார்ப்பது அரசரிடம், கத்தரிக்காயிடம் இல்லை என்பார். சின்ன வயதில் கேட்டுச் சிரித்த கதை.

2020 பிப்ரவரியில் ‘செராட்டன் நகர்வு’ நடந்தபோது சிரிப்பு வரவில்லை. 2018-இல் மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த அரசாங்கம் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. பிறகு கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. 2022 ஜூலை 28-இல் மக்களவையில் 209 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒரு ஓட்டும் இல்லை. நல்ல சட்டம்தான். கட்சி தாவினால் நாற்காலி போகும். ஆனால் இருக்கிற இடத்திலேயே இருந்துகொண்டு, தலைவர் முகத்தைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொண்டால்? அதைப் பிடிக்கச் சட்டம் இல்லை.

ஒய்.பி.களை மட்டும் சொல்லி என்ன? தெலுக் பங்லிமா காராங்கில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, “திருவிழாப் பந்தல் செலவைக் குறைச்சு பிள்ளைங்க டியூஷனுக்குக் கொடுக்கணும்” என்று வீராப்பாகப் பேசியவன் நான். ஆலயக் கூட்டத்தில் தலைவர், “பந்தல் பெரிசா போடணும், என்ன தம்பி?” என்றதும், “ஆமாங்கண்ணே, அதான் சரி” என்றேன். அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லி, அது சரியென்று பட்டு நான் மாறியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாரீசன்கூட இராவணனிடம் இது தவறென்று முதலில் எடுத்துச் சொன்னான். உயிருக்குப் பயந்துதான் மானாக மாறினான். எனக்கு என்ன பயம்? அடுத்த வருஷச் செயலாளர் பதவி, அவ்வளவுதான்.

“அண்ணே, அன்னிக்கு வேற மாதிரி சொன்னீங்களே?” என்று கடையில் கூட இருந்த தம்பி கேட்டான். பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன். டியூஷன் பேச்சை மறுபடி எடுக்கப் போகிறேன். தலைவர் அண்ணனுக்குப் பிடிக்காது.