நோயுற்ற தாயை வரைதல் அறமாகுமா?

நோயால் நலிந்த தாயின் முகத்தை உள்ளது உள்ளவாறே வரைந்து வைப்பது அன்பின் செயலா, அன்பின்மையா? அன்னை மறைந்தபின், அவர் நலமுடன் இருந்த நாளில் எடுத்த படத்தையே கூடத்தில் மாட்டி மாலையிடுகிறோம். மெலிந்த முகத்தைக் காட்டுவது அவரை இழிவுபடுத்துவதாகும் என அஞ்சுகிறோம்.

ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அவ்வாறு அஞ்சவில்லை. 1514ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தம் தாய் பார்பராவைக் கரிக்கோலால் வரைந்தார். அன்னைக்கு அப்போது வயது 63. சுருக்கம் விழுந்த நெற்றி, ஒட்டிய கன்னங்கள், நரம்பு புடைத்த கழுத்து, துருத்திய கண்கள் ஆகிய எதனையும் அவர் மறைக்கவில்லை. இரண்டு திங்களில் அன்னை மறைந்தார். இறந்த நாளையும் மகன் அதே தாளில் எழுதிச் சேர்த்தார். அவ்வோவியம் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதில் இரக்கம் எங்கே என்று சிலர் கேட்கலாம். அவர் எழுதிய குடும்பக் குறிப்புகளே அதற்கு விடை. தந்தை 1502இல் இறந்தார். ஈராண்டு கழிந்ததும், கையில் ஏதுமற்ற தாயைத் தம் இல்லத்திற்கே அழைத்துக்கொண்டார். 18 மக்களைப் பெற்று, மூவரை மட்டுமே ஆளாக்க முடிந்தவர் அத்தாய். கொள்ளைநோயையும் வறுமையையும் பிறர் ஏளனத்தையும் தாங்கியவர். 1513இல் ஒருநாள் காலை, அறைக்கதவை உடைத்தே நோயுற்ற அவரை அடைய முடிந்தது. அதன்பின் ஓராண்டுக்கு மேல் அவர் நோயில் வாடினார். அம்முகத்தின் சுருக்கங்களை நீக்கி வரைந்திருந்தால், அவர் பட்ட பாடுகளையும் நீக்கியதாகாதா?

ஆயினும் ஒரு தடை எழுகிறது. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் பெற்றோரை இக்காலத்தில் கைப்பேசியில் படமெடுத்து உறவினர்க்கெல்லாம் அனுப்புகின்றனர். அதுவும் உண்மைதானே? உண்மையாயினும் முறையன்று. கிடப்பவரின் விருப்பத்தை அங்கே எவரும் கேட்பதில்லை. பார்ப்பவரும் நொடிப்பொழுதில் அடுத்த படத்திற்குப் போய்விடுகிறார். டியூரரோ தம் படங்களை அச்சிட்டு விற்றுப் புகழ்பெற்றவர். எனினும் தாயின் முகத்தை அவர் விற்பனைக்குரிய அச்சுப்படமாக்கவில்லை. பத்தாண்டுகள் உடன் வைத்துக் காத்தவரின் கண் வேறு; வாயிலில் நின்று எட்டிப் பார்த்துச் செல்பவரின் கண் வேறு.

வரையும் ஆற்றல் நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் நோயுற்ற தாயின் முகத்தைக் காணப் பொறுக்கவில்லை என்று கூறி அறைக்கு வெளியே நின்றுவிடுவது நம் மனத்தின் நலத்தைக் கருதியதே அன்றி, அன்னையின் நலத்தைக் கருதியது அன்று. உள்ளே சென்று, அருகில் அமர்ந்து, அம்முகத்தை நேராக நோக்குவோமாக.