போதும் என்ற சொல்

அடியோடு விட்டுவிடுவது கடினமா, அளவோடு நிறுத்திக்கொள்வது கடினமா? உடம்பு இளைக்க இன்று சொல்லப்படும் இரண்டு வழிகளும் இந்தப் பழைய கேள்வியைத்தான் எழுப்புகின்றன. ஒன்று, விட்டுவிட்டுப் பட்டினி கிடப்பது. மற்றது, தினமும் இலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வது.

சிகாகோவில் நூறு பேரைக் கொண்டு ஓராண்டு இதைச் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஒருநாள் தேவையில் கால் பங்கு, மறுநாள் ஒன்றேகால் பங்கு. இன்னொரு பிரிவினருக்குத் தினமும் முக்கால் பங்கு. மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் உண்டார்கள். அவர்களோடு ஒப்பிட, முதல் பிரிவினருக்கு 6 சதவீதமும் இரண்டாம் பிரிவினருக்கு 5.3 சதவீதமும் எடை குறைந்தது, பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பாதியில் விலகியவர்கள் பட்டினிப் பிரிவில் 38 சதவீதம், மற்றதில் 29.

இன்னொரு வேடிக்கை. பட்டினிக்காரர்கள் விரத நாளில் விதித்ததைவிட அதிகமாகவும், விருந்து நாளில் குறைவாகவும் சாப்பிட்டார்களாம். யாரும் சொல்லாமலே நடுவழிக்கு நகர்ந்துவிட்டார்கள்! நம் வீடுகளிலும் ஏகாதசியன்று சோறு எழுந்துபோன இடத்தில் பலகாரம் வந்து உட்காருகிறதல்லவா?

பட்டினி சிலருக்குச் சுலபம் என்பதை நான் மறுக்கவில்லை. ‘இன்று இல்லை’ என்று ஒரு தடவை தீர்மானித்தால் போதும். அதற்கு நாளும் கிழமையும் உண்டு. வியக்க நாலு பேரும் உண்டு. இரண்டாவது கரண்டிச் சோற்றுக்குக் குறுக்கே கை நீட்டுகிறவனை யார் கவனிக்கிறார்கள்? பசியும் ருசியும் இருக்கும்போதே அவன் நிறுத்துகிறான். நாளைக்கும் நிறுத்த வேண்டும். விரதம் இருப்பவரை நாம் கும்பிடுகிறோம். இவனையும் ஒருமுறை கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.