துணையோடு காணும் உயிர்: வினைக் கொள்கையும் கூடுதல் துணை வேண்டும் குழந்தையும்

மதியிறுக்கம், செவித்திறன் குறைபாடு, எழுத்தைப் பிரித்தறிவதில் இடர்ப்பாடு எனப் பல காரணங்களால் கல்வியில் கூடுதல் துணை வேண்டும் குழந்தை ஒன்று பிறந்த வீட்டில், அத்துணையை எங்கே பெறுவது என்ற கேள்விக்கு முன்பே, இது யார் செய்த வினை என்ற கேள்வி எழுந்துவிடுவது தமிழ்ச் சூழலில் இன்றும் அரிதன்று. அக்கேள்வி தாயைக் குற்றவாளியாக நிறுத்துகிறது; உடன்பிறந்தாளின் திருமணம் தடைப்படுமோ என்ற அச்சத்தில் குழந்தையின் நிலையைப் பள்ளியிடம் மறைக்கச் செய்கிறது; ஆசிரியருக்கோ, தலையெழுத்தை யாரால் மாற்ற முடியும் என்று விலகிக்கொள்ள வழிவிடுகிறது. பள்ளியும் குடும்பமும் மனம்விட்டுப் பேச முடியாமல் போவதற்கு இக்கேள்வியும் ஒரு காரணமாக இருப்பதால், சமயத்தின் உள்ளிருந்தே அதை ஆராய வேண்டியிருக்கிறது.

சைவ சித்தாந்தம் வினையை மறுப்பதில்லை. பல பிறவிகளில் ஈட்டிக் குவித்தது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டுவது ஆகாமியம் என வினையை மூன்றாகப் பகுத்து, உடலும் அதன்வழி வரும் இன்பதுன்பங்களும் பிராரத்தத்திற்கு ஏற்ப அமைகின்றன என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. இதை மழுப்புவது நேர்மையாகாது. ஆயினும், வினை அறிவற்ற சடமாகவும் உயிர் சிற்றறிவு உடையதாகவும் இருத்தலின், எவ்வினைக்கு எப்பயன் என அறிந்து ஊட்டுபவன் இறைவன் ஒருவனே என்பதும் அதே கொள்கையின் பகுதியாகும். அவ்வாறாயின், ஒரு குழந்தையின் உடலைப் பார்த்து அதன் முற்பிறவியை உரைக்கத் துணியும் உறவினர், இறைவனுக்கே உரிய அறிவைத் தமக்கு உரியதாக்கிக்கொள்கிறார். மேலும், குழந்தையின் நிலை பிராரத்தம் என்றே கொண்டாலும், அதனைக் கடைசி வரிசையில் அமர்த்தி மறந்துவிடுவது ஆசிரியரின் ஆகாமியமும், விருந்தினர் வரும்போது உள்ளறையில் அடைத்துவைப்பது பெற்றோரின் ஆகாமியமும் ஆகும். பிறருடைய பழவினை தம்முடைய புதுவினைக்கு ஒருபோதும் சாக்காகாது.

இதனினும் ஆழமான துணை, உயிர் எவ்வாறு அறிகிறது என்பது பற்றிய சித்தாந்த விளக்கத்தில் கிடைக்கிறது. 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், 12 நூற்பாக்களால் ஆன சிவஞானபோதத்தின் 11ஆம் நூற்பாவில் கண்ணையும் உயிரையும் உவமையாக்குகிறார். கண் தானே காண்பதில்லை. உயிர் அதனோடு பொருந்தி அதனைக் காணச் செய்கிறது, காணும்போது உடன்நின்று தானும் காண்கிறது. இறைவன் உயிருக்குச் செய்வதும் இத்தகையதே. காணச் செய்வதைக் காட்டும் உபகாரம் என்றும், உடன்நின்று காண்பதைக் காணும் உபகாரம் என்றும் வழங்குவர். அந்நூற்பா பேசுவது இறைவன் திருவடியை அடைவிக்கும் அன்பைப் பற்றியே என்பதால், அதனை வகுப்பறைக்கு நீட்டுவது இக்கட்டுரையின் துணிபேயாகும். ஆனால் அதன் அடியில் உள்ள கருத்து, அதாவது அறிவிக்கப் பெறாமல் அறியும் உயிர் எதுவும் இல்லை என்பது, எல்லா அறிதலுக்கும் பொருந்துவது. அதன்படி, துணை வேண்டும் குழந்தை, வேண்டாத குழந்தை என்று இரு வகை இல்லை. எத்துணை, எவ்வளவு என்பதிலேதான் வேறுபாடு.

பள்ளிகள் பெரும்பாலும் முதல் உபகாரத்தோடு நின்றுவிடுகின்றன. பட அட்டை, பிரெய்ல் நூல், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவை இன்றியமையாதவையே. எனினும் மணியோசை கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு அவ்வோசை எத்தகைய வதை என்பதை, அதனோடு பல ஆண்டுகள் உடன்நின்று கண்ட தாயே அறிவார். அதேபோல், வீட்டில் கேட்பதற்கு முன்பே தண்ணீர் கிடைத்துவிடுவதால் வாய்திறவாத பிள்ளை, பள்ளியில் அட்டையைக் காட்டித் தானே கேட்கிறது என்பதை ஆசிரியர் சொன்னாலன்றிப் பெற்றோர் அறிய இயலாது. இறைவனின் உபகாரம் பிழையற்றது; மனிதருடையது அவ்வாறன்று. தாயின் அச்சமும் ஆசிரியரின் அவசரமும் பார்வையை மறைக்கக் கூடியவை ஆதலின், ஒருவர் கண்டதை மற்றவர் கண்டதோடு ஒப்பிடுவது மனித உபகாரத்திற்கு இயல்பாகவே தேவைப்படுகிறது.

21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கும் ஏற்ற வசதிகளைச் செய்து தரவும் அதன் முன்னேற்றத்தைக் கண்காணிக்கவும் கல்வி நிறுவனங்களைக் கடமைப்படுத்துகிறது. அக்கடமையை ஒட்டி வகுக்கப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தில், முடிவுகள் யாவும் எடுக்கப்பட்ட பின்னர்க் கையொப்பத்திற்கு மட்டும் பெற்றோரை அழைப்பது வருந்தத்தக்க வழக்கம். குழந்தையைக் கேட்பது அதனினும் அரிது. துணை உயிருக்குப் புதிதாக அறிவைப் படைத்துத் தருவதில்லை, அதனிடம் உள்ள அறிவை விளங்கச் செய்கிறது என்று கொள்ளும் சித்தாந்தத்தின் நோக்கில், காண்பது எப்போதும் அக்குழந்தையே. ஆகவே அது எதை விரும்பித் தொடுகிறது, எதைக் கண்டு முகம் திருப்புகிறது என்பனவும், பெற்றோர் கூற்றோடும் ஆசிரியர் குறிப்போடும் சேர்ந்து, அத்திட்டத்தில் எழுதப்பட வேண்டியவை.