வேட்டை மீனின் பசி யார் கணக்கில்?

கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்து, வருகிறவர் கண்ணெல்லாம் அதன்மேல் நிற்கும்படி ஒரு வேட்டை மீனை அதில் விட நினைப்பவர் பெரும்பாலும் விலையையும் அழகையும் தொட்டியின் அளவையும்தான் விசாரிக்கிறார். கொல்லாமையை அறமாக ஏற்றுக்கொண்டவர் அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த மீனின் பசி யார் கணக்கில் சேரும்? யங்கோனில் இருப்பவர் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. கோடையில் குட்டைகள் வற்றும்போது சேற்றில் தவிக்கும் மீன்களை அள்ளிக்கொண்டுபோய் ஆற்றில் விடுவதைப் புண்ணியமாகக் கருதும் மக்களின் ஊர் அது. சற்றுத் தள்ளி, சௌத்தானில் நீர் நடுவே நிற்கும் யேலே பகோடாவுக்கு வழிபட வருகிறவர்கள் பெரிய கெளுத்தி மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள். யங்கோன் அனவ்ரதா சாலையில் 1871-இல் தமிழர் கட்டிய காளி கோயிலை ஒட்டி வாழும் குடும்பங்களுக்குக் கொல்லாமை வள்ளுவரிடமிருந்தும் வருகிறது, அண்டை வீட்டுப் பௌத்தர் ஓதும் பஞ்சசீலத்திலிருந்தும் வருகிறது.

சோழர்கள் தங்கள் குலமுதல்வனாகச் சொல்லிக்கொண்ட சிபியின் கதையை நாம் புறாவின் பக்கம் நின்றே கேட்டுப் பழகிவிட்டோம். பருந்தின் பக்கமும் ஒரு வழக்கு இருக்கிறது. என் இரையை நீ காப்பாற்றினால் நானும் என் குடும்பமும் பட்டினியால் சாவோம் என்று அது மன்னனிடம் வாதாடுகிறது. பாரதத்தில் வரும் ஒரு வடிவத்தில் மன்னன் முதலில் எருது, பன்றி, மான், எருமை ஆகியவற்றின் இறைச்சியைத் தருவதாகச் சொல்கிறான். பருந்து அதற்கு இணங்கவில்லை. கடைசியில் அவன் தன் சதையை அறுத்துத் தராசில் வைக்கிறான். வேட்டையாடும் உயிரின் பசியும் உண்மையான பசிதான் என்று கதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் வேட்டைக்கு நடுவில் கைநீட்டியவன்தான் அந்தப் பசிக்குக் கடன்பட்டவன், அந்தக் கடனை இன்னொரு உயிரை எடுத்து அடைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மன்னன் அடைக்கலம் கொடுக்கக் கைநீட்டினான். நாம் அலங்காரத்துக்காகக் கைநீட்டுகிறோம். கடலிலிருந்து ஒரு வேட்டை மீனைப் பிரித்து நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் வைத்த நாளிலிருந்து அதன் ஒவ்வொரு வேளைப் பசியும் வைத்தவருடையது.

அது மீனின் இயல்பு, கடலிலும் அது கொன்றுதானே தின்றிருக்கும் என்பதுதான் முதலில் எழும் மறுப்பு. இயல்புதான், அதனால்தான் மீன்மேல் யாரும் குற்றம் சுமத்துவதில்லை. மியான்மாரில் பயிலப்படும் தேரவாத மரபு இந்த இடத்தில் மிகத் துல்லியமாகப் பேசுகிறது. ஒரு கொலை முழுமையாக ஐந்து அங்கங்கள் வேண்டும்: உயிர் ஒன்று இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணமும் அதற்கான முயற்சியும் வேண்டும், அந்த முயற்சியால் சாவு நேர வேண்டும். முயற்சி தன் கையால்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஏவிக் கொல்வதும், பொறி வைத்துக் கொல்வதும் முயற்சியே என்று புத்தகோசர் பெயரால் வழங்கும் உரைகள் வகைபிரிக்கின்றன. (அவர் காஞ்சியில் தங்கியிருந்ததை அவர் உரையொன்றின் முடிவுரையே சொல்கிறது, நமக்கு அந்நியர் அல்லர்.) பசித்த சிங்கமீன் இருக்கும் தொட்டிக்குள் உயிருள்ள ஒரு கப்பி மீனைத் தெரிந்தே விடுகிறவரிடம் இந்த ஐந்தும் குறையில்லாமல் கூடிவிடுகின்றன. அவர் வைத்த பொறிக்கு வாயும் செதிலும் இருக்கின்றன என்பதுதான் வித்தியாசம். கடலில் இரைக்கு ஒளிய இடுக்குண்டு, கூட்டமுண்டு, தப்பிக்கும் வாய்ப்புண்டு. அங்கே நடக்கும் சாவுக்கு ஆசிரியர் இல்லை. தொட்டியில் நடக்கும் சாவுக்கு இருக்கிறார், பல வீடுகளில் விருந்தாளியை அழைத்துக் காட்டவும் செய்கிறார். அந்த நிமிடத்துக்காக ஒருவர் வேட்டை மீன் வாங்குகிறார் என்றால் அது சேவல் கட்டை வீட்டுக்குள் கொண்டுவந்த கதைதான்.

உயிருள்ள இரை வேண்டாம், சந்தையில் வாங்கிய இறாலை நறுக்கிப் போடுகிறேன் என்பவருக்கு என்ன பதில்? இங்கே நம் இரண்டு மரபுகளும் ஒரே பதிலைத் தருவதில்லை, அதை மறைக்க வேண்டியதும் இல்லை. பிக்குகள் புலால் உண்ணவே கூடாது என்று விதிக்கும்படி தேவதத்தர் கேட்டபோது புத்தர் மறுத்தார். தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்காமலும் கேட்காமலும் ஐயுறாமலும் இருந்தால் போதும் என்றார். அந்த அளவுகோலில் செத்த இறாலைத் தின்னும் மீனை வளர்ப்பது சீலத்தை முறிக்காது. வள்ளலார் இதை ஏற்கமாட்டார். 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கி, பசிபோக்குவதையே அறங்களில் தலையானதாக வைத்தவர் அவர். அவரே, ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியை ஆற்றுவது ஜீவகாருண்யம் ஆகுமா என்ற கேள்வியை எழுப்பிக்கொண்டு, ஆகாது என்று உறுதியாக மறுத்தார். அவர் வழியில் நிற்பவர் வேட்டை மீனை வாங்கக் கூடாது. பாசி தின்னும் மீன்கள் கடலில் ஏராளம், அவற்றிலும் அழகுக்குக் குறைவில்லை. தானும் மீன் உண்கிறவர் தன் தட்டில் ஒரு நீதியும் தொட்டியில் இன்னொரு நீதியும் பேச முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்கிறவருக்கும் உயிரோடு தூக்கிப் போடும் உரிமை அதனால் வந்துவிடாது.

இவ்வளவும் ஏற்றுக்கொண்ட பிறகு எந்த மீன் என்ற தேர்வு தானாகவே அறக்கேள்வியாக மாறிவிடுகிறது. முதுகில் நஞ்சுமுள் பதின்மூன்றோடு விசிறி விரித்தாற்போல் மிதக்கும் சிங்கமீன் அந்தமான் கடலுக்கு உரியது. அழகில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் புதிதாகப் பிடித்து வந்தது அசையாத உணவைப் பெரும்பாலும் தொடாது, பொறுமையாகப் பழக்க வேண்டும். பழக்கப் பொறுமையில்லாமல் தங்கமீன்களை நாள்தோறும் போட்டு வளர்ப்பவர் இரையை மட்டும் கொல்லவில்லை. தங்கமீனின் உடலில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருப்பதால், அதையே தின்று வாழும் வேட்டை மீனும் மெல்ல நோயில் விழும். வெள்ளை உடலில் கரும்புள்ளி போட்ட பாந்தர் குரூப்பர் என்ற களவா, விரல் நீளக் குஞ்சாக விற்கப்பட்டு 70 செ.மீ. வரை வளரும், அதை வீட்டில் வைக்க நினைப்பதே அநியாயம். ஸ்னோஃப்ளேக் அஞ்சாலையோ நண்டு இறாலை நொறுக்கும் மழுங்கிய பல் கொண்டது, இடுக்கியில் நீட்டும் செத்த இறாலை எளிதில் ஏற்கும். இறுக்கமான மூடி மட்டும் வேண்டும். வேட்டை மீன்தான் வேண்டும் என்பவருக்கு என் தேர்வு இதுதான். யங்கோனுக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. பவளப்பாறை இருப்பது தெற்கே மேர்கி தீவுகளில். கலங்கி ஓடும் யங்கோன் ஆற்று நீர் உதவாது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் 500 லிட்டர் தொட்டிக்குப் பதினேழரை கிலோ உப்பு கரைக்க வேண்டும். 2021-க்குப் பிறகு முறைவைத்துப் போகும் கரண்ட் நிற்கும் மணிகளில் பம்பும் நிற்கும். நிறையத் தின்று நிறையக் கழிக்கும் பெரிய மீனுக்கு அந்த நேரத்தில் பிராணவாயு குறையும். பேட்டரியோ ஜெனரேட்டரோ இல்லாத வீட்டில் இது மெதுவாக நடக்கும் கொலை.

பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், அதுவும் உயிர்தானம்தானே என்று சிலர் நினைக்கலாம். கடல்மீனை யங்கோன் ஆற்றில் விட்டால் அது பிழைக்காது. கடலிலேயே விட்டாலும் எந்தக் கடல் என்பது முக்கியம். இந்தோ-பசிபிக் கடலின் சிங்கமீன் 1985-இல் ஃபுளோரிடாக் கரையில் தென்பட்டது. வளர்த்தவர்கள் தொட்டியிலிருந்து விட்டவையே மூலம் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. பிறகு அது கரீபியன் கடல் முழுக்கப் பரவியது. பஹாமாஸில் சிறு பாறைத்திட்டுகளில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சிங்கமீன் இருந்த இடங்களில் புதிதாகக் குடியேறும் குஞ்சுமீன்கள் ஐந்தே வாரத்தில் 79 சதவீதம் குறைந்திருந்தன. விட்டவர்களில் இரக்கத்தால் விட்டவரும் இருந்திருப்பார். அறிவு துணைக்கு வராத இரக்கம் எத்தனை உயிரைக் கேட்கும் என்பதற்கு அந்தக் கடல் சாட்சி.

ஆகவே வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பணத்தை எடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு செத்த இறாலை இடுக்கியில் பிடித்து அந்த மீனுக்கு நீட்டச் சொல்லுங்கள். உங்கள் கண்முன் அது தின்னாவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.