ஊர் மெச்சிய இசைத்தட்டு

ஹோட்டல் சாம்பார் பிடிக்கவில்லை என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) தூக்கத்தை வரவழைத்தது என்று சொல்ல நேர்ந்தால் மட்டும் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. சொல்லாமல் தப்பிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: “ஆமாம், பிரமாதம்” என்று தலையாட்டிவிடுவது. இந்தத் தலையாட்டலில் தவறு ஏதும் உண்டா? இசை கேட்பது அவரவர் சொந்த விஷயம், இதில் பொய் சொன்னால் யார் குடி முழுகப் போகிறது என்று கேட்கலாம்.

முழுகத்தான் செய்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக. ‘மகத்தான ஆல்பங்கள்’ என்ற பட்டியல்கள் எப்படி உருவாகின்றன என்று பார்த்தால் போதும். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் 500 ஆல்பங்கள் பட்டியலில் 2003-இலும் 2012-இலும் முதலிடம் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு. 2020-இல் கலைஞர்கள், விமர்சகர்கள், இசைத்துறையினர் என முந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் புதிதாக வாக்குக் கேட்டார்கள். மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. ‘சார்ஜென்ட் பெப்பர்’ 24-ஆம் இடத்துக்குப் போனது. ஆல்பத்தில் ஒரு சுரமும் மாறவில்லை, வாக்களித்தவர்கள்தான் மாறினார்கள். மனிதர்களின் சாட்சியம் தவிர இத்தகைய பட்டியலுக்கு வேறு அஸ்திவாரம் கிடையாது. அந்தச் சாட்சிகளில் பாதிப் பேர் முந்தைய பட்டியலைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் என்றால், அடுத்து கேட்க வருகிற இளைஞனுக்குக் கிடைப்பது எதிரொலி மட்டுமே. அவன் தன் காதைச் சந்தேகிக்கத் தொடங்குகிறான். பொய்யால் நட்டப்படுகிறவன் அவன்தான்.

அப்படியானால் பிடிக்காததை உடனே பிடிக்கவில்லை என்று போட்டு உடைப்பதுதான் நேர்மையா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற பெயரில் பாடிய டான் வான் வ்லீட்டின் ‘ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா’ (1969) இதற்குச் சரியான சோதனை. இரண்டு இசைத்தட்டுகள், 28 பாடல்கள், ஏறக்குறைய 79 நிமிடம். கிடாரும் டிரம்ஸும் ஆளுக்கொரு திசையில் போகும். குரல் மூன்றாவது திசையில். ‘சிம்ப்சன்ஸ்’ தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங் பதின்ம வயதில் இதைக் கேட்டபோது மகா மட்டம் என்று நினைத்தாராம். விடாமல் கேட்டிருக்கிறார். ஆறேழு முறை கேட்டபின், தான் கேட்டதிலேயே மிகச் சிறந்த ஆல்பம் இதுதான் என்று முடிவுக்கு வந்தார். பொறுமையைப் போற்றுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லி மகிழ்வார்கள்.

அவ்வளவு சீக்கிரம் மகிழ்ந்துவிட முடியாது. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே, கேட்டாலே, அதன்மீது விருப்பம் கூடும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இலேயே பரிசோதனைகளால் காட்டினார். அர்த்தமற்ற சொற்களுக்கும் முன்பின் தெரியாத முகங்களுக்கும்கூட இது பொருந்தியது. ஏழாவது முறை பிடித்துப்போனது இசை புரிந்ததாலா, பழகிப்போனதாலா? கேட்டவருக்கே சொல்லத் தெரியாது. ஏழு முறை கேட்ட உழைப்பு வீணாகக்கூடாதே என்ற பிடிவாதமும் அதில் கலந்திருக்கலாம். எனவே பொறுமைக்குப் பின் வந்த பாராட்டு, முதல் முறை வந்த எரிச்சலைவிட உயர்ந்த உண்மை என்று சொல்ல அடிப்படை இல்லை.

இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை அந்த முதல் எரிச்சல் சரியாகவே கேட்டிருக்கிறது. குரல் இசையோடு ஒட்டவில்லை என்று முகம் சுளித்தவர் கவனித்தது நடந்த உண்மை. வான் வ்லீட் ஹெட்ஃபோன் போடாமல், ஸ்டுடியோக் கண்ணாடி வழியே கசிந்து வந்த இசையை மட்டும் கேட்டுப் பாடினார். ஒட்டாமல் போனதற்கு அதுவே காரணம். அது குறையா அழகா என்பது வேறு விவாதம். ஆனால் “உனக்குப் புரியவில்லை” என்று அவர் வாயை அடைத்தவரைவிட அவர் காது கூர்மையாக இருந்திருக்கிறது.

கடன் வாங்கிய பாராட்டோடு கடன் வாங்கிய கதைகளும் சேர்ந்து வருகின்றன. இந்தப் பாடல்கள் எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்தில், ஒரே மூச்சில் பியானோவில் அமைத்துவிட்டதாக வான் வ்லீட் சொல்லிக்கொண்டார். மேதைமைக்குச் சான்றாக அது பல காலம் வலம் வந்தது. உண்மையில் பியானோவில் அவர் தட்டியதையெல்லாம் எழுதி எடுத்து, வாத்தியங்களுக்குப் பிரித்து, மாதக்கணக்கில் குழுவின் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் டிரம்ஸ் வாசித்த ஜான் ஃப்ரெஞ்ச். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வாடகை வீட்டில் அரைப் பட்டினியும் அவமானமுமாக அந்தக் குழு ஒத்திகை பார்த்தது. கடைசியில் ஆல்பத்தின் உறையில் ஃப்ரெஞ்சின் பெயரே இல்லை. கேட்காமல் புகழ்ந்தவர்கள், தெரியாமலேயே அந்தப் பெயர் நீக்கத்துக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். நேர்மையாகக் கேட்ட எல்லோரும் இதைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் “இவ்வளவு சிக்கலானதை எட்டரை மணி நேரத்தில் எப்படி?” என்ற சந்தேகம் கேட்டவனுக்கு வரும்; தலையாட்டியவனுக்கு வராது.

கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 1967-இல் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வந்த மாதமே ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைன் அதைத் துணிந்து குறைத்து எழுதினார், வாசகர்கள் கொதித்தார்கள். பழுதான ஸ்டீரியோவில் அதைக் கேட்டதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். துணிச்சலுக்காக அவரைப் பாராட்டலாம். ஸ்டீரியோ விஷயத்தை அன்றே சொல்லியிருந்தால் வாசகன் எடைபோட்டுக்கொண்டிருப்பான்.

எத்தனை முறை கேட்டால் தீர்ப்புச் சொல்லும் உரிமை வரும் என்ற கேள்விக்குக் கணக்கு இல்லை. க்ரோனிங் வழியில் ஏழு முறை என்றால் இந்த ஒரு ஆல்பத்துக்கே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ‘ரோலிங் ஸ்டோன்’ பட்டியலிலோ 500 ஆல்பங்கள் இருக்கின்றன. வேலையும் குடும்பமும் உள்ளவரிடம் அதைக் கேட்பது அநியாயம். “இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை, குரல் தனியே ஓடுவது எரிச்சலாக இருந்தது” என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவருக்குத் தேவையானதெல்லாம் அதில் இருக்கிறது.