காட்டுவதும் மறைப்பதும்

தேர்த்திருவிழாவில் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டியவர்கள் பெற்றோர். அந்தப் பிள்ளை வளர்ந்து, கடல் கடந்து போய், ஒரு நாள் அவர்களை வரவழைத்துத் தான் வாழும் ஊரைக் காட்டுகிறான். பட்ட கடனைத் திருப்பித் தருவது போன்ற மகிழ்ச்சி அவனுக்கு. அந்த மகிழ்ச்சியில் குறை காண நான் வரவில்லை. ஆனால், அதற்குள் ஓர் அறக் கேள்வி இருக்கிறது. எதைக் காட்டுவது? எதைக் காட்டாமல் விடுவது?

லண்டன் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே வாழும் நம்மவர்கள் பெற்றோரைப் பெரும்பாலும் கோடையில்தான் அழைக்கிறார்கள். ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்குப் பிறகுதான் அங்கே சூரியன் மறைகிறது. விளக்கு வைக்கிற வேளை எது என்று தெரியாமல் நம் தாய்மார் திகைத்துப் போகிறார்கள். டிசம்பரிலோ மாலை 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வயதானவர்களைக் குளிரில் வாட்டாமல் கோடையில் அழைப்பது அன்புதான். ஆனாலும் அந்த நீண்ட இருட்டைப் பிள்ளை எப்படிக் கழிக்கிறான் என்பதை அவர்கள் அறிவதே இல்லை.

பிறகு ஊர் சுற்றல் தொடங்குகிறது. தேம்ஸ் நதிக்கரைக் கோட்டையில், 1849-இல் பஞ்சாபிலிருந்து பறிபோன கோஹினூர் வைரம். பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்கள். அவற்றில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. மற்றொரு பகுதி நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே தூபியின் கற்கள் இரண்டு நாடுகளில் பிரிந்து கிடப்பதைப் பார்க்கும் தாய், வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை.

இந்தப் பிரிவுக்குச் சட்டமும் காவல் நிற்கிறது. பெற்றோரைத் தம்முடனேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதற்கான பிரிட்டிஷ் விதி 2012-இல் மிகவும் கடுமையாயிற்று. அன்றாடக் காரியங்களுக்கே நெடுங்காலம் பிறர் துணை வேண்டும் என்ற நிலை வந்திருக்க வேண்டும். அந்தத் துணை சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபிக்கவும் வேண்டும். ஆகவே, பெரும்பாலோர் பார்வையாளராகத்தான் போக முடியும். ஒரு தடவைக்கு வழக்கமாக ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. பெற்ற தாய், மகன் வீட்டில் ஒரு பார்வையாளர்! எண்ணிக் கொடுத்த நாட்கள் அவை. அவற்றை எப்படிச் செலவிடுகிறோம் என்பது அதனாலேயே பெரிய விஷயமாகிறது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஆபீஸ் உத்தியோகம் போய்விட்டது. ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வேலை கிடைத்தது. கும்பகோணத்தில் இருக்கும் தாய்க்கு இது தெரியாது. தாயார் போய் இறங்கியதும் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நகரத்தையே சுற்றிக் காட்டினார். சுரங்க ரயில் நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. அந்தப் படிகளில் ஏறி இறங்கிய தாயார், "கால் வலிக்கிறதாம்மா?" என்று மகன் கேட்டபோதெல்லாம், "இல்லவே இல்லேப்பா" என்றார். மகன் வேலையை மறைத்தார். தாய் முழங்கால் வலியை மறைத்தார்.

நான்காம் வாரம் ஒரு மாலையில் அந்தத் தாய் மகனுடைய உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார்.

"என்னப்பா, கை இப்படி இருக்கு?"

"இந்த ஊர்க் குளிரும்மா."

"குளிர்லே கை வெடிக்கும்ப்பா, காய்க்காது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார்.

அந்த இளைஞர் செய்தது குற்றமா? அவருக்காகவும் பேச இடம் உண்டு. உண்மையைச் சொன்னால் தாய்க்கு என்ன லாபம்? ஊர் திரும்பி, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உறக்கமின்றிப் புரள்வதுதானே மிச்சம்? நம் தாய்மாரே இந்த வித்தையில் நமக்கு ஆசான்கள் அல்லவா? பள்ளிக்கூடச் சம்பளத்துக்காகத் தோட்டை அடகு வைத்துவிட்டு, "மெருகு போடக் கொடுத்திருக்கேன்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் வரிசையில் இடம் பெறலாம் என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறாரே?

ஆனால் அந்த நன்மை இங்கே விளைந்ததா என்று பார்க்க வேண்டும். தாய் ஏமாறவில்லை, கேட்காமல் விட்டார், அவ்வளவே. மறைத்ததால் அவர் கவலை குறையவில்லை. பேசி ஆற்றிக்கொள்ளும் வழிதான் அடைபட்டது. என்ன துன்பம் என்றே தெரியாத துன்பத்தைச் சுமந்துகொண்டு அவர் ஊர் திரும்பினார். தெரிந்த துன்பத்தைவிட அது கனமானது.

தோட்டின் கதையும் வேறு. அங்கே பொய் கேட்டவன் சிறுவன். தாங்க முடியாத சுமையைச் சிறுவன் தலையில் வைக்காதது தாயின் தர்மம். ஆனால் இந்தத் தாய் சிறுமி அல்ல. பஞ்சம், கடன், பிரசவம், சாவு எல்லாவற்றையும் கண்டு நிமிர்ந்து நின்றவள். அவளிடம் போய், "உன்னால் இதைத் தாங்க முடியாது" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அன்பு என்று அதற்குப் பெயர் வைத்தாலும், உள்ளே இருப்பது ஒரு வகை அலட்சியம். பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதைகளில் ஒன்று, அவர்கள் தாங்குவார்கள் என்று நம்புவது.

குறைகளையெல்லாம் அவள் மடியில் கொட்டிவிடு என்று இதற்குப் பொருள் அல்ல. "இதற்கு ஒரு வழி செய்" என்று கேட்பது வேறு. "நான் இப்படி வாழ்கிறேன்" என்று கதவைத் திறந்து வைப்பது வேறு. முன்னது சுமை. பின்னது உறவு.

கோட்டையையும் வைரத்தையும் அவசியம் காட்டுங்கள். தாய் என்பதால் அவளுக்கு உலகம் பார்க்கும் ஆசை இல்லாமல் போய்விடாது. பவுன் கணக்கை ரூபாயாக்கி, ஒரு காப்பிக்கு முந்நூறு ரூபாய்க்கு மேலா என்று அவள் வாய் பிளக்கட்டும். அதோடு ஒரு நாளை எடுத்து வையுங்கள். நீங்கள் அரிசி வாங்கும் கடை, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடம், வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசல் ஆகியவற்றைக் காட்டுங்கள். தாய் ஊர் திரும்பிய பிறகு, 'இந்நேரம் பிள்ளை என்ன செய்துகொண்டிருப்பான்?' என்று நினைக்கும்போது, அவள் கண்முன் வரப்போவது கோஹினூர் அல்ல, அந்த வாசல்தான்.