ஓடுவது காலா, காலணியா?

கல்லூரி அணியில் நெடுந்தொலைவு ஓடுகின்ற என் தங்கை மகன், நண்பனொருவனிடம் இரவல் பெற்ற விலையுயர்ந்த காலணியில் 10 கிலோமீட்டர் ஓடினான். அவனது பழைய நேரம் 40 நொடிகள் குறைந்தது. மகிழ வேண்டியவன் முகம் வாடியிருந்தான். "மாமா, இது என் நேரமா, அந்தச் செருப்பின் நேரமா?" என்று கேட்டான். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை.

1960ஆம் ஆண்டு உரோமை ஒலிம்பிக்கில் எத்தியோப்பியரான அபேபே பிக்கிலா, வெறுங்காலுடன் மாரத்தான் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 நொடிகளில் வென்றார். 1964இல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து ஓடி, மூன்று நிமிடங்களுக்கும் மேலாகக் குறைத்து மீண்டும் வென்றார். அதனைக் காலணியின் வெற்றி என்று சொல்ல நமக்கு மனம் வருமா? வாராது. அப்படியாயின் இன்று மட்டும் ஏன் ஐயம் எழுகிறது?

2017இல் கடைக்கு வந்த புதுவகைக் காலணியில், தடித்த நுரை அடியின் நடுவே விறைப்பான கார்பன் இழைத் தகடு வளைந்து கிடக்கிறது. அதனை அணிந்தோர் அதே வேகத்திற்குச் செலவிடும் ஆற்றல் சராசரியாக 4 விழுக்காடு குறைந்ததென மறு ஆண்டு வெளியான ஆய்வு கூறிற்று. காரணம் இது: நாம் தரையை உந்தும்போது கால்விரல்களின் அடிமூட்டு மடிகிறது. அங்கு உறிஞ்சப்படும் ஆற்றலில் பெரும்பகுதி திரும்புவதில்லை. தகடு அம்மடிப்பைக் குறைக்கிறது. ஆனால் அம்மடிப்பு வீணானதன்று. விரல்கள் மேல்நோக்கி மடியும்போது, குதிகால் முதல் விரல்வரை செல்லும் நார்ப்பட்டை, உருளையில் சுற்றப்படும் கயிறுபோல் இறுகிப் பாத வளைவை உயர்த்துகிறது. 1954இல் ஹிக்ஸ் என்பார் இதனை விளக்கினார். மேலும், அடி விறைக்க விறைக்கத் தரையின் எதிர்விசை விரல் நுனியை நோக்கி நகர்கிறது. கணுக்காலுக்கு நெம்புகோல் நீள்கிறது. கெண்டைக்கால் தசை மெதுவாகச் சுருங்கலாம், ஆனால் கூடுதல் சுமை தாங்க வேண்டும். இதனைத் தாங்கும் வலிமை ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே ஒரே காலணி ஒருவருக்கு வரமாகவும் மற்றவருக்கு வெறும் பாரமாகவும் அமையலாம். (தகட்டை அறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், சிக்கனம் பெரிதும் மாறாததைக் கண்டனர். தகட்டுக்குச் சூட்டிய புகழ்மாலையில் பெரும்பங்கு நுரைக்கு உரியது போலும்.)

2020இல் உலகத் தடகள அமைப்பு, சாலை ஓட்டத்திற்கு 40 மில்லிமீட்டர் தடிமன், ஒரே தகடு என வரம்பு விதித்தது. விதி வேண்டியதே. எனினும் 40இல் நேர்மையும் 41இல் வஞ்சனையும் குடியிருப்பதாக நான் எண்ணவில்லை. உதவி பெறுவது குற்றமன்று. பாதை, பயிற்சியாளர், உணவு யாவும் உதவிகளே. என்னை உறுத்துவது வேறு. பணமுள்ளவனுக்கு மட்டும் கிட்டும் உதவியை இருவரின் திறமை வேறுபாடாக நாம் எழுதிவைக்கிறோம். அன்றியும், விலையை உடல் தருகின்றதா என்று கேட்பதில்லை. 2023இல் மருத்துவர்கள், இத்தகைய காலணியணிந்து ஓடிய ஐவருக்குப் பாதத்தின் படகெலும்பில் அழுத்தக் காயம் கண்டதாக எழுதினர். ஐவர் சான்றாகார், ஆயினும் ஓர் எச்சரிக்கை.

இவற்றையெல்லாம் தங்கை மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அன்றிரவு தன் குறிப்பேட்டில் புதிய நேரத்தை எழுதி, அருகே சிறிய எழுத்தில் 'இரவல் காலணி' என்று குறித்துக்கொண்டான்.